எல்லாமே ‘கேஸ்’ கேஸ் இல்லை பாஸ்!

விலாவுல குத்து, நெஞ்சுல பிடிப்பு... எது சும்மா, எது சீரியஸ்? ஒரு ஃபுல் செக்கப்!

“நெஞ்சு வலிக்குதுடா மச்சி...”

ஹாஸ்டல்ல இந்த ஒரு டயலாக் போதும். அடுத்த ரெண்டே நிமிஷத்துல கட்டிலைச் சுத்தி ஒரு மெடிக்கல் போர்டே கூடிடும். “கேஸ்டா... ஒரு சோடா அடி, சரியாயிடும்” என்பார் சீனியர். “ஓமவாட்டர் குடி” - இது ரூம் மேட். “வாய்வு பிடிச்சிருக்கும். குப்புறப் படு, முதுகுல ஏறி மிதிக்கிறேன்” - இது ஜிம் பார்ட்டி. “என்ன... அவ பேச மாட்டேன்னு சொல்லிட்டாளா?” - இது கடைசி பெஞ்ச் கலாய்ப்பு. எல்லாத்தையும் கேட்டுட்டு ராத்திரி 2 மணிக்குப் போர்வைக்குள்ள செல்லை வெச்சுக்கிட்டு நெட்டைக் குடைய ஆரம்பிப்பார் நம்ம ஆள். பத்தாவது நிமிஷம், உயில் எழுதற மூடுக்கே வந்துடுவார்!

நம்ம ஊர்ல நெஞ்சு வலிக்கு மொத்தமே ரெண்டு பேர்தான். ஒண்ணு கேஸ். இன்னொண்ணு அட்டாக். முதலாவதுன்னு நினைச்சா அசால்ட்டா விட்டுடறோம். ரெண்டாவதுன்னு நினைச்சா அரண்டு போயிடறோம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சோபாவில் சாயற சினிமா அப்பாக்களைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை இல்லையா நாம?

ஆனா, அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல ஒரு டஜன் காரணங்கள் இருக்கு. நம்ம வயசுல வர்ற நெஞ்சு வலியில் பெரும்பாலானது ஆபத்தில்லாதது. சிலது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதது. இன்னும் சிலது, சத்தமே போடாம வாரக்கணக்கில் உள்ளே வளர்றது. எதுன்னு கண்டுபிடிக்கிறது டாக்டர் வேலை. ஆனா, எப்போ டாக்டர்கிட்ட போகணும், போய் என்ன சொல்லணும்... அது நம்ம வேலை. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஓய்வே இல்லாத மெஷின்!

முதல்ல, வலிக்கிற இடத்தோட டிசைனைப் பார்ப்போம். (இன்ஜினீயரிங் புத்தி... மன்னிச்சுக்கங்க!) ஆணோ பெண்ணோ, பொதுவா எல்லாருக்கும் 12 ஜோடி விலா எலும்புகள். மொத்தம் 24. பின்பக்கம் எல்லாமே முதுகெலும்போட ஜாயின்ட் ஆகுது. முன்பக்கம்தான் மேட்டர். முதல் 7 ஜோடி, ஆளுக்கொரு குருத்தெலும்பு மூலமா நேரா மார்பெலும்பில் சேருது. 8, 9, 10 மூணும் நேரா சேராம, மேல இருக்கற விலாவோட குருத்தெலும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. 11-ம், 12-ம் முன்னாடி எதையும் பிடிக்காம சும்மா அந்தரத்தில் நிக்கும்.

இந்தக் கூண்டுக்கு லீவே கிடையாது. நிமிஷத்துக்கு 15 மூச்சுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு 21,600 தடவை விரிஞ்சு சுருங்குது. (யோக மரபில் சொல்ற கணக்கும் இதே 21,600தான்!) கால் சுளுக்கினா ரெண்டு நாள் நடக்காம இருக்கலாம். விலாவில் அடிபட்டா ‘ரெண்டு நாள் மூச்சு விடாதே’ன்னு யாரும் சொல்ல முடியாதே? விலா வலி ஒரு தடவை வந்தா வாரக்கணக்கில் இழுக்கறதுக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, அந்தக் கூண்டுக்கு உள்ளே யார் யார் இருக்காங்க? இதயம், நுரையீரல், உணவுக்குழாய், பெரிய ரத்தக்குழாய்கள். கீழ்ப்பக்க விலாவுக்குப் பின்னாடி கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், வயிறு. ஒரே பில்டிங்கில் இத்தனை வாடகைதாரர்கள். கதவைத் தட்டறது யாருன்னு வெளியிலிருந்து கண்டுபிடிக்கறதுதான் சவால்.

ஒற்றை விரலா, உள்ளங்கையா?

‘எங்கே வலிக்குது?’ன்னு கேட்டதும் ஒரே ஒரு விரலை வெச்சு ‘இங்கே’ன்னு காட்ட முடியுதா? அங்கே அழுத்தினா அதே வலி திரும்ப வருதா? உடம்பைத் திருப்பினா, தும்மினா, கையைத் தூக்கினா கூடுதா? அப்படின்னா பெரும்பாலும் பிரச்னை சுவத்துல. அதாவது எலும்பு, குருத்தெலும்பு, தசை.

அதுக்குப் பதிலா, மொத்த உள்ளங்கையை நெஞ்சு நடுவுல வெச்சு ‘இங்கெல்லாம் அழுத்தற மாதிரி இருக்கு’ன்னு காட்டறீங்களா? மாடி ஏறினா கூடி, நின்னா குறையுதா? அது உள்ளே இருக்கறவங்க சமாசாரமா இருக்கலாம். லேட் பண்ணக் கூடாது.

இன்னொரு விஷயமும் மறக்காதீங்க. ‘அழுத்தினா வலிக்குது... அப்போ ஹார்ட் இல்லை’ன்னு நாமளே தீர்ப்பு எழுதிடக் கூடாது. அது ஒரு க்ளூ மட்டும்தான். சர்ட்டிஃபிகேட் இல்லை!

சுவர் பார்ட்டிகள்

நம்ம வயசுல அடிக்கடி மாட்டற ஆட்கள் இவங்கதான்.

காஸ்டோகாண்ட்ரைட்டிஸ்: பேர்தான் வாயில நுழையாது, ஆள் ரொம்ப காமன். விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்ற இடத்துலயோ, குருத்தெலும்பு மார்பெலும்பைத் தொடற இடத்துலயோ வர்ற வலி. மேலிருந்து ரெண்டாவது முதல் அஞ்சாவது விலா வரைக்கும்தான் அதிகம். விடாத இருமலுக்குப் பிறகு வரலாம். ஓவர் ஜிம், வெயிட் தூக்கறதுன்னும் வரலாம். காரணமே தெரியாமலும் வரலாம். இடது பக்கம் வந்துட்டா போச்சு, ‘ஹார்ட்டேதான்’னு முடிவே பண்ணிடுவோம். சில வாரத்துல சரியாகும். சிலருக்கு மாசக்கணக்கில் இழுக்கும். இதே இடத்துல கண்ணுக்குத் தெரியற வீக்கமும் சேர்ந்து வந்தா அதுக்கு டீட்ஸ் சிண்ட்ரோம்னு பேர். 1921-ல் இதை விவரிச்ச ஜெர்மன் சர்ஜன் அலெக்ஸாண்டர் டீட்ஸோட பேர்தான் அது.

இதுல ஒரு கொடுமை உண்டு. சாதாரண எக்ஸ்ரேவில் இந்தக் குருத்தெலும்புப் பிரச்னை தெரியாது. ‘எல்லாம் நார்மல்’னு ரிப்போர்ட் வரும். வலி மட்டும் அப்படியே இருக்கும். உடனே ‘செமஸ்டருக்கு பயந்து நடிக்கிறான்’னு பட்டம் கட்டிடுவாங்க. ரிப்போர்ட் நார்மல்னா உள்ளே பெரிய ஆபத்து தெரியலைன்னுதான் அர்த்தம். வலியே இல்லைன்னு அர்த்தம் இல்லை!

பிரிகார்டியல் கேட்ச்: கிளாஸ்ல கூனிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. திடீர்னு இடது நெஞ்சில் ஊசியால குத்தின மாதிரி சுருக்! மூச்சை ஆழமா இழுத்தா இன்னும் குத்தும். பயந்து அப்படியே ஃப்ரீஸ் ஆகி உட்கார்ந்திருக்கும்போதே சில விநாடியில, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு நிமிஷத்துல, வந்த வழி தெரியாம போயிடும். சின்னப் பசங்களுக்கும் டீன் ஏஜ்காரங்களுக்கும்தான் அதிகம். இதயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வைத்தியமும் தேவையில்லை. வயசு ஏற ஏற தானாகவே காணாமப் போகும்.

வழுக்கும் விலா: மேலே சொன்ன 8, 9, 10 ஞாபகம் இருக்கா? பிடிமானம் கம்மியான அந்த மூணில் ஒண்ணு லூஸாகி மேல இருக்கற விலாவுக்கு அடியில் சறுக்கும். பக்கத்துல ஓடற நரம்பு நசுங்கும். குனிஞ்சு நிமிரும்போது, கட்டில்ல புரளும்போது ‘டக்’னு ஒரு ஃபீலிங்; கூடவே கீழ் விலாவில் சுரீர் வலி. பல பேர் இதை வயித்து வலின்னு நினைச்சு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுப்பாங்க. ‘டக்குனு ஒரு சத்தம் வருது டாக்டர்’னு நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தைதான் இதைக் கண்டுபிடிக்க உதவும்.

தசைப் பிடிப்பு: நம்ம பாட்டிங்க ‘மூச்சுப் பிடிப்பு’ன்னு சொல்றதில் நிறைய கேஸ் இதுதான். விலாக்களுக்கு நடுவுல இருக்கற தசை இழுபட்டிருக்கும். வார்ம் அப் இல்லாம பெஞ்ச் பிரஸ், ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு வாலிபால், ஒரே தோளில் லேப்டாப் பை... எல்லாம் காரணம்தான். ஃபாஸ்ட் பவுலர்களுக்கு பந்து வீசற கைக்கு எதிர்ப்பக்க விலாவில் வர்ற சைடு ஸ்ட்ரெயினும் இந்தக் குடும்பம்தான். ‘இன்னும் ரெண்டு ஓவர்தானே’ன்னு போட்டா, ரெண்டு வாரத்துல ஆறவேண்டியது ரெண்டு மாசம் ஆகும்.

கீறல், முறிவு: பைக்கிலிருந்து விழுந்தாதான் விலா உடையும்னு இல்லை. விடாம இருமினாலே கீறல் விழலாம். சாதாரண முறிவு ஏறக்குறைய 6 வாரத்துல தானாகக் கூடும். முன்னெல்லாம் நெஞ்சைச் சுத்தி இறுக்கமா கட்டுப் போடுவாங்க. இப்போ பொதுவா அது கிடையாது. கட்டிட்டா ஆழமா மூச்சு விட முடியாம சளி தங்கி நிமோனியா வரலாம். தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமுங்க. வலி கொஞ்சம் குறையும். கீழ் விலாவில் பலமா அடிபட்டிருந்தா கல்லீரல், மண்ணீரலையும் டாக்டர் பார்த்தாகணும்.

அக்கி: ஒரு பக்க விலாவில் மட்டும் பட்டை போட்ட மாதிரி எரிச்சல். துணி பட்டாலே சுள்ளுங்குது. தோல்ல ஒண்ணுமே இல்லை. ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே கோட்டில் கொப்புளம் கிளம்பும். சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்து எழுந்து வர்றதுதான் அக்கி. நம்ம ஊர்ல உடனே காவி குழைச்சு அக்கி எழுதப் போவாங்க. எழுதறது உங்க இஷ்டம். ஆனா, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பிச்சா பலன் அதிகம். அந்த மூணு நாளைக் கோட்டை விடாதீங்க.

ஒரிஜினல் கேஸ்!

கேஸ்னு சொல்றது முழுப் பொய்யும் இல்லை. ராத்திரி 11 மணிக்கு நாலு பரோட்டா, சால்னா, மேல ஒரு கூல் டிரிங்ஸ். அடுத்த அஞ்சாவது நிமிஷம் கட்டில். வயித்துல இருக்கற ஆசிட் மேலேறி உணவுக்குழாயை எரிக்கும். நெஞ்சு நடுவுல எரிச்சல், புளிச்ச ஏப்பம், படுத்தா கூடறது, காலையில் தொண்டைக் கரகரப்பு... இதுதான் அடையாளம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல 2-3 மணி நேரம் கேப் விடுங்க. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்க. சிகரெட்டுக்கு குட்பை சொல்லுங்க. பாதிப் பிரச்னை அதோட முடியும்.

ஆனா, கடையில் மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் முழுங்கிட்டே இருக்காதீங்க. முழுங்கும்போது தொண்டையில் அடைக்குது, வெயிட் குறையுது, வாந்தியில் ரத்தம், கறுப்பா மலம் போகுதுன்னா அது சோடா மேட்டர் இல்லை. நேரா டாக்டர்தான்.

மனசுல ஆரம்பிச்சு மார்புல முடியும்!

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி. திடீர்னு நெஞ்சு படபட... மூச்சு முட்டுது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது. ‘செத்துடுவேனோ’ன்னு ஒரு பயம். பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அப்புறம் மெதுவா இறங்குது. இது பேனிக் அட்டாக்கா இருக்கலாம். இதுல வர்ற நெஞ்சு வலி கற்பனை இல்லை; நிஜ வலி. வேக வேகமா மூச்சு விடறதாலயும் நெஞ்சுத் தசை இறுகறதாலயும் வர்றது. ‘உனக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான் காரணம்’னு சொல்றவங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். மனசுதான் காரணம்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லை!

முதல் தடவை வந்தா கட்டாயம் டாக்டரைப் பார்த்து, இதயம் நுரையீரல் ஓகேன்னு உறுதி பண்ணிக்கணும். பேப்பர் கவர்ல மூச்சு விடற சினிமா டெக்னிக் வேண்டாம். காரணம் வேறயா இருந்தா அது ஆபத்து. மூச்சை இழுக்கறதைவிட வெளியே விடற நேரத்தை நீட்டுங்க, போதும். அடிக்கடி வருதுன்னா மனநல ஆலோசனை எடுத்துக்கங்க. 2022-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் ஹெல்ப்லைன் நம்பர் 14416. காசு கிடையாது. தமிழ்லயே பேசலாம்.

நுரையீரல் பேசுது...

மூச்சை இழுக்கும்போது மட்டும் கத்தியால குத்தற மாதிரி வலியா? நுரையீரலைச் சுத்தியிருக்கற உறையில் பிரச்னை இருக்கலாம். இதுல மூணு ஆட்களைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

முதல் ஆள் நியூமோதோராக்ஸ். ஒல்லியா, உயரமா இருக்கற பசங்களே... கவனிங்க! நுரையீரல் மேற்பரப்பில் இருக்கற குட்டி பலூன் மாதிரி ஒண்ணு வெடிச்சு, காத்து வெளியே கசிஞ்சு, நுரையீரல் சுருங்கிடும். ஓடணும், அடிபடணும்னு அவசியமே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வரலாம். ஒரு பக்கம் திடீர் வலி, கூடவே மூச்சு வாங்கல். தம் அடிக்கிறவங்களுக்கு ரிஸ்க் பல மடங்கு. ஒரு எக்ஸ்ரேவில் பெரும்பாலும் தெரிஞ்சிடும். ‘வாய்வுப் பிடிப்பு’ன்னு முதுகில் ஏறி மிதிக்கிற வைத்தியம் எவ்வளவு டேஞ்சர்னு இப்போ புரியுதா?

ரெண்டாவது ஆள், நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு. காலில் உறையற ரத்தக்கட்டி கிளம்பி மேலே போய் அடைக்கும். கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, ரொம்ப நேரம் அசையாம பயணம் பண்ணினவங்களுக்கு வாய்ப்பு அதிகம். பீரியட்ஸ் சரியாகவோ, பி.சி.ஓ.டி.க்காகவோ ஹார்மோன் மாத்திரை எடுக்கற தோழிகள், நெஞ்சு வலின்னு போனா அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலிச்சு, மூச்சும் வாங்கினா உடனே கிளம்புங்க.

மூணாவது ஆள்... டிபி. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே பேசணும். ஏன்னா, நம்ம ஹாஸ்டல்கள்ல அதிகமா மறைக்கப்படற வியாதி இது. உலகத்துல டிபி வர்றவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியர். ‘எனக்கெல்லாம் எப்படி வரும்?’னு கேட்கவே முடியாது. காத்துல பரவற கிருமிக்கு யார் எந்த டிபார்ட்மென்ட்னு தெரியாது! ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியில்லாம வெயிட் குறையறது, சளியில் ரத்தம்... இதுல ஏதாவது இருந்தா டெஸ்ட் எடுத்துடுங்க. நுரையீரல் உறையில் டிபி வந்தா இருமல் பெருசா இல்லாமலே ஒரு பக்க நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சு வாங்கல்னு ஆரம்பிக்கலாம். விலாவில் வலின்னு தைலம் தேய்ச்சிட்டே ரெண்டு மாசம் ஓட்டற ஆபத்து இங்கேதான்.

ஏன் மறைக்கிறோம்? ‘ஹாஸ்டலை விட்டு அனுப்பிடுவாங்க. பிளேஸ்மென்ட் போயிடும். ஊர்ல என்ன பேசுவாங்க?’ இந்த பயத்துக்குப் பதில் நம்ம சென்னையிலேயே கிடைச்சது. ஒரு காலத்துல டிபி வந்தா ஊருக்கு வெளியே சானடோரியத்துல கொண்டுபோய் வெச்சிடுவாங்க. 1928-ல் ஆரம்பிச்ச தாம்பரம் சானடோரியம் அப்படி ஒண்ணு. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் அந்த ஸ்டேஷனைக் கடக்கற பாதிப் பேருக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னே தெரியாது. 1956-ல் மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நோயாளிகள்ல ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்துல வெச்சு மருந்து. இன்னொரு பாதிப் பேருக்கு நெருக்கடியான அவங்க சொந்த வீட்டிலேயே மருந்து. 1959-ல் வெளியான ரிசல்ட், டிபி வைத்தியத்தையே புரட்டிப் போட்டுச்சு. வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரலை! அந்த மையம்தான் இன்னிக்கு சேத்துப்பட்டில் இருக்கற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதாவது, டிபி வந்தவரை ஒதுக்கத் தேவையில்லைன்னு உலகத்துக்குப் பாடம் எடுத்ததே நம்ம ஊர்தான். நாம இன்னும் ஒதுக்கிட்டு இருந்தா எப்படி? அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். சாதாரண டிபிக்கு 6 மாசம் மருந்து. சரியான மருந்து ஆரம்பிச்ச சில வாரத்திலேயே மத்தவங்களுக்குப் பரவற வாய்ப்பு வேகமா குறைஞ்சிடும். சத்தான சாப்பாட்டுக்காக 2018-ல் மாசம் 500 ரூபாய்னு ஆரம்பிச்ச மத்திய அரசு உதவியை, 2024 நவம்பர்லிருந்து 1,000 ரூபாயா உயர்த்தினாங்க. ஒரே கண்டிஷன்: ‘இப்போ நல்லாயிட்டேனே’ன்னு நடுவுல மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறிடலாம்.

இதயம்... கடைசியா, ஆனா கவனமா!

காலேஜ் வயசுல மாரடைப்பு ரொம்ப அபூர்வம். ஆனா, ஜீரோ இல்லை. தம், சர்க்கரை நோய், குடும்பத்துல சின்ன வயசுலயே மாரடைப்பு... இதெல்லாம் இருந்தா இன்னும் உஷார். நெஞ்சு நடுவுல பாரம் ஏத்தி வெச்ச மாதிரி அழுத்தம், கை, தாடை, முதுகுக்குப் பரவற வலி, குபீர் வியர்வை, குமட்டல்... இதுதான் டிபிக்கல் சிக்னல்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதய உறையில் அழற்சி வரலாம். இதுல ஒரு வித்தியாசம் உண்டு. மல்லாந்து படுத்தா வலி கூடும். முன்னால சாய்ஞ்சு உட்கார்ந்தா குறையும்.

ஸ்போர்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் நோட்: ஓடும்போது நெஞ்சு வலி வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, குடும்பத்துல யாராவது இளம் வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ அடுத்த மேட்சுக்கு முன்னாடி ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தே ஆகணும். பிறவியிலேயே இதயத் தசை தடிச்சிருக்கற மாதிரியான பிரச்னைகள் அதுலதான் சிக்கும். மெடலைவிட நீங்க முக்கியம் பாஸ்!

தோழிகளுக்கு மட்டும்...

‘நெஞ்சு வலி’ன்னு வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்பட்டு, ‘வயிறு சரியில்லை’ன்னு வார்டன்கிட்ட சொல்ற பொண்ணுங்க எத்தனை பேர்! பீரியட்ஸுக்கு முந்தின வாரம் மார்பகத்துல கனமும் வலியும் வந்து, அப்புறம் தானா குறைஞ்சா அது பெரும்பாலும் ஹார்மோன் வேலை. கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ, ஒரே இடத்துல மாசம் பூரா வலிச்சாலோ காட்டிடுங்க. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்கணும்னு கேட்கறது உங்க உரிமை. நர்ஸோ, தோழியோ, அம்மாவோ... தைரியமா கேளுங்க.

டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

‘நெஞ்சு வலிக்குது’ன்னு மட்டும் சொன்னா டாக்டர் பாவம், எங்கிருந்து ஆரம்பிப்பார்? ‘கம்ப்யூட்டர் வேலை செய்யலை’ன்னு சொல்ற மாதிரி இருக்கும் அது! வலி சாதாரணமா, விட்டு விட்டு வருதுன்னா நோட்டுப் புக்கின் கடைசிப் பக்கத்துல குறிச்சு வையுங்க. எப்போ ஆரம்பிச்சது? எந்த இடம்? குத்தலா, எரிச்சலா, அழுத்தமா? எவ்வளவு நேரம்? எது பண்ணினா கூடுது, எதுல குறையுது? கூட காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் உண்டா? என்ன மாத்திரை எடுக்கறீங்க? தம், தண்ணி, வேற ஏதாவது? டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. அவர் உங்க வீட்டுக்கு போன் போட்டுச் சொல்றதுக்காகக் கேட்கலை.

பெரும்பாலும் டாக்டர் விரலால அழுத்திப் பார்ப்பார், ஸ்டெத் வெச்சுக் கேட்பார். தேவைப்பட்டா ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட். ஈ.சி.ஜி. சில நிமிஷ வேலை, வலிக்காது. ஒரு தடவை நார்மல்னு வந்துட்டாலும், வலி தொடர்ந்தா மறுபடி போகலாம். அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

இது வேண்டாம்... இது ஓகே!

* சுளுக்கு எடுக்கறேன், விலாவை உட்கார வைக்கறேன்னு யாரையும் நெஞ்சை அமுக்கவோ முறுக்கவோ விடாதீங்க.

* காய்ச்சலோட உடம்பு வலி இருக்கும்போது புரூஃபென் மாதிரி வலி மாத்திரையை நீங்களா போடாதீங்க. டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆபத்து. அல்சர், ஆஸ்துமா இருக்கறவங்களும் கேட்காம தொடக் கூடாது.

* குருத்தெலும்பு, தசை வலின்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டா வெந்நீர் ஒத்தடம் ஓகே. வலி வர வைக்கிற எக்சர்சைஸுக்கு மட்டும் லீவு விடுங்க. முழுசா படுத்தே கிடக்காதீங்க.

* கூனி உட்கார்ந்து லேப்டாப் பார்க்கறவங்க, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளை விரிங்க.

உடனே 108!

* நெஞ்சு நடுவுல அழுத்தம். 10-15 நிமிஷத்துக்கு மேல நீடிச்சாலோ, கைக்கும் தாடைக்கும் பரவினாலோ.

* வலியோட மூச்சுத் திணறல், மயக்கம், உதடு நீலமாகறது, குளிர்ந்த வியர்வை.

* ஒரு பக்கம் திடீர் வலி, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கல்.

* இருமினா ரத்தம்.

* விபத்துல நெஞ்சிலோ விலாவிலோ பலத்த அடி.

இந்த மாதிரி நேரத்துல பைக்ல நடுவுல உட்கார வெச்சு ட்ரிபிள்ஸ் போற ஹீரோயிசம் வேண்டாம். ஆம்புலன்ஸ்ல ஆக்ஸிஜன் இருக்கு, பயிற்சி பெற்ற ஆள் இருக்கார். நம்ம பைக்ல ஹாரன் மட்டும்தான் இருக்கு!

எமர்ஜென்சி இல்லை, ஆனா வலி ரெண்டு வாரமா போகலைன்னா? நாளைக்குக் காலையில் ஒரு ஹவர் கட் அடிங்க. (இதுக்கு எந்த ஹெச்.ஓ.டி.யும் கோவிச்சுக்க மாட்டார்!) பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்க. ‘பயப்பட ஒண்ணும் இல்லை’ங்கற பதிலைத்தான் நம்ம வயசுல பெரும்பாலும் வாங்கிட்டு வருவோம். ஆனா, அதை நெட்டும் சீனியரும் சொல்றதுக்கும், தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

உங்களுக்கு வலி இல்லையா? சந்தோஷம். அப்படியே பக்கத்துக் கட்டிலைக் கொஞ்சம் கவனிங்க. மூணு வாரமா இருமிட்டு, விலாவைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒண்ணும் இல்லடா’ன்னு சொல்ற ஒருத்தன் அங்கே இருந்தா, சோடா வாங்கித் தர வேண்டாம். “வாடா, நானும் வர்றேன்”னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வரிசையில் நிக்கறதுக்கு ஒரு ஃப்ரெண்ட் இருந்தா பாதி பயம் அங்கேயே போயிடும்!